பரிகாரமும் சுயநிர்ணயமும்: மாவோரி மக்களின் வழக்கு வழியே ஓர் எளிய விளக்கம்

காலனியாட்சியில் நிலத்தைப் பறிகொடுத்த தொல்குடி மக்களைப் பற்றிய பேச்சில் இரண்டு சொற்கள் தவறாமல் வந்துவிடும்: பரிகாரம், சுயநிர்ணய உரிமை. முதல் சொல்லைக் கேட்டவர்கள் "நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னால் நடந்ததற்கு இன்று பணம் கேட்கிறார்கள்" என்று முடிவு கட்டுகிறார்கள். இரண்டாவது சொல்லைக் கேட்டவர்கள் "தனிநாடு கேட்கிறார்கள்" என்கிறார்கள். தமிழ் வாசகர்களுக்குச் சுயநிர்ணயம் என்ற சொல் பெரும்பாலும் ஈழ அரசியலின் வழியாகவே பழக்கமானது என்பதால், பிரிவினை என்ற பொருள் மற்றப் பொருள்களை முந்திக்கொண்டு வந்து நிற்பதில் வியப்பில்லை. இருந்தாலும் இரண்டு முடிவுகளும் அவசர முடிவுகள். இவ்விரு கோரிக்கைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதும் அவற்றில் மறைந்துபோகிறது.

இங்கே நியூசிலாந்தின் மாவோரி மக்களை எடுத்துக்கொள்வோம். 2023 கணக்கெடுப்பின்படி அவர்கள் ஏறத்தாழ 8.87 லட்சம் பேர். நாட்டின் மக்கள்தொகையில் 17.8 விழுக்காடு. அவர்களுடைய வழக்கில் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது, அது மீறப்பட்டதற்கான விசாரணைப் பதிவுகள் இருக்கின்றன, அரசே தன் தவற்றை ஒப்புக்கொண்டு இயற்றிய சட்டங்களும் இருக்கின்றன. வேறு நாடுகளில் கொள்கையளவில் நிற்கும் பல கேள்விகளுக்கு இங்கே நடைமுறை விடை ஒன்று, நல்லதோ கெட்டதோ, கிடைத்திருக்கிறது.

ஒரு வீட்டுக் கணக்கு

உங்கள் தாத்தாவின் வீட்டையும் வயலையும் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் ஆள்பலத்தால் எடுத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். அது கைமாறிக் கைமாறி, இன்று வங்கிக் கடன் வாங்கிக் கிரயம் முடித்த ஓர் ஆசிரியரிடம் இருக்கிறது. அவர்மேல் குற்றமில்லை. உங்கள் தாத்தாவுக்கோ இன்று முப்பது வாரிசுகள். இப்போது நியாயம் செய்வது என்றால் யார், யாருக்கு, எதைச் செய்வது?

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் உண்டு. நாம் அவற்றைக் கலந்தடித்துப் பேசுகிறோம். வெள்ளம் வந்தால் அரசு தருவது நிவாரணம். அதில் யார்மேலும் குற்றம் சுமத்தப்படுவதில்லை. பேருந்து மோதினால் தருவது நஷ்டஈடு. இழப்பைப் பணத்தில் அளந்து கொடுப்பதோடு கணக்கு முடிகிறது. பரிகாரம் என்பது இவ்விரண்டையும்விட அகன்றது: தவறு செய்த தரப்பு அதைத் தவறு என்று ஒப்புக்கொண்டு, தவற்றின் விளைவுகளைத் தன்னால் இயன்றவரை நீக்குவதே பரிகாரம். கோயில் வாசலில் விளக்கேற்றும் பரிகாரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றாலும், செய்த தவறு முதலில் பெயர் சொல்லப்பட வேண்டும் என்ற கருத்து அங்கும் இருக்கிறது.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2005 டிசம்பரில் ஏற்ற நெறிமுறைகள், மனித உரிமை மீறல்களுக்கான பரிகாரத்துக்கு ஐந்து வடிவங்களைச் சொல்கின்றன: எடுத்ததைத் திருப்பித் தரும் மீளளிப்பு, திருப்பித் தர முடியாததற்கு இழப்பீடு, பாதிக்கப்பட்டவர்கள் மீண்டு எழுவதற்கான மறுவாழ்வு, உண்மையைப் பதிவுசெய்தல், மன்னிப்புக் கேட்டல் முதலியவற்றால் மனநிறைவு அளித்தல், இனி அப்படி நடக்காது என்ற உறுதி. பணம் இந்த ஐந்தில் ஒன்று மட்டுமே.

ஒரு பத்திரம், இரண்டு மொழி

1840 பிப்ரவரி 6 அன்று, வடக்குத் தீவின் வைத்தாங்கி என்ற இடத்தில், பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியான வில்லியம் ஹாப்சனும் நாற்பதுக்கு மேற்பட்ட மாவோரித் தலைவர்களும் ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நாடெங்கும் ஐந்நூறுக்கு மேற்பட்ட தலைவர்கள் ஒப்பமிட்டிருந்தார்கள். மிகப் பெரும்பாலோர் ஒப்பமிட்டது மாவோரி மொழிப் பிரதியில். ஹென்றி வில்லியம்ஸ் என்ற மதபோதகரும் அவருடைய மகனும் ஒரே இரவில் செய்த மொழிபெயர்ப்பு அது.

ஆங்கிலப் பிரதியின் முதல் பிரிவு, தலைவர்கள் தங்கள் இறையாண்மையை முழுவதுமாக அரசிக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொல்கிறது. மாவோரிப் பிரதியில் அந்த இடத்தில் இருக்கும் சொல் 'காவனதங்க'. கவர்னர் என்ற ஆங்கிலச் சொல்லை மாவோரி நாவுக்கு ஏற்றபடி 'காவன' என்றாக்கி, அதில் ஒரு விகுதியைச் சேர்த்து உருவான சொல் இது. கும்பினி ஆட்சியை நம் முன்னோர் 'துரைத்தனம்' என்றார்களே, கிட்டத்தட்ட அதுபோல 'கவர்னர்த்தனம்' என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது பிரிவு, நிலம், ஊர், அருஞ்செல்வங்கள் அனைத்தின் மீதும் 'தினோ ரங்கதிரதங்க', அதாவது தலைவர்களுக்கே உரிய முழு அதிகாரம், அவர்களிடமே இருக்கும் என்று உறுதி சொல்கிறது. ஆங்கிலப் பிரதியிலோ அந்த இடத்தில் நிலம், காடு, மீன்வளம் ஆகியவற்றின் உடைமை மட்டுமே இருக்கிறது. ஆக, மாவோரிப் பிரதியைப் படித்தவருக்கு, வந்தேறிய வெள்ளையரை அடக்கிவைக்க ஒரு கவர்னர் வருகிறார், நம் அதிகாரம் நம்மிடமே இருக்கிறது என்று பொருள்படும். ஆங்கிலப் பிரதியைப் படித்தவருக்கு, நாடு கைக்கு வந்துவிட்டது என்று பொருள்படும்.

இந்த ஐயம் அன்றே எழுந்தது. ஒப்பந்தத்தை அச்சிட்ட வில்லியம் கொலென்சோ என்ற மதபோதகர், தலைவர்களுக்கு இதன் உள்ளடக்கம் உண்மையில் புரிந்திருக்கிறதா என்று ஹாப்சனிடம் அந்த இடத்திலேயே கேட்டதாக எழுதிவைத்திருக்கிறார்; புரியவில்லை என்றால் அது தன் குற்றமல்ல, தன்னால் இயன்றதைச் செய்துவிட்டேன் என்பது கிடைத்த பதில். இதே கொலென்சோதான் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, மாவோரிப் பெண்கள் சமையல் பாத்திரமாகப் பயன்படுத்திவந்த ஒரு வெண்கல மணியை வாங்கியவர். அதில் தமிழ் எழுத்து இருந்தது: முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி. அது இன்று வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த மணி நியூசிலாந்துக்கு எப்படிப் போனது என்பது வேறு கதை.

நிலம் மூன்று வழியில் போனது

முதல் வழி, பேருக்கு விலைகொடுத்து வாங்கியது. தெற்குத் தீவின் ஙாய் தாஹு குலத்திடமிருந்து (சொல்லின் முதலில் ங வருவது மாவோரி மொழியில் இயல்பு) 1848இல் ஒரே பத்திரத்தில் சுமார் 2 கோடி ஏக்கரை அரசு 2,000 பவுண்டுக்கு வாங்கியது. ஊர்களையும் உணவு சேகரிக்கும் இடங்களையும் விட்டுவைப்போம், போதிய நிலம் ஒதுக்குவோம் என்ற உறுதிகள் அதோடு சேர்ந்திருந்தன. ஒதுக்கப்பட்டதோ ஆளுக்குச் சுமார் பத்து ஏக்கர். மறு ஆண்டே மத்தியாஹா திராமோரேஹு என்ற தலைவர் எழுத்தில் முறையிட்டார். அந்த முறையீடு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு நடந்தது.

இரண்டாவது வழி போர். நிலம் விற்பதைத் தடுக்கவும் குலங்களை ஒன்றிணைக்கவும் 1858இல் மாவோரி அரசர் ஒருவரை நிறுவினார்கள். 1863 ஜூலையில் அரசுப் படை வைக்காட்டோ பகுதிக்குள் புகுந்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட குடியேற்றச் சட்டம், கலகம் செய்தவர்களின் நிலத்தைப் பறிமுதல் செய்ய வழிவகுத்தது. பறிமுதலுக்கு ஆளான 12 லட்சம் ஏக்கரில் கலகம் செய்தவர் நிலம் எது, செய்யாதவர் நிலம் எது என்ற வேறுபாடு பெரிதாகப் பார்க்கப்படவில்லை.

மூன்றாவது வழி நீதிமன்றம். ஆரவாரமில்லாத வழி என்பதாலேயே இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மாவோரி நிலம் குலத்தின் பொதுச் சொத்து. மீன்பிடிக்கும் உரிமை ஒருவருக்கு, பறவை பிடிக்கும் உரிமை இன்னொருவருக்கு என்று ஒரே நிலத்தில் பல உரிமைகள் பின்னிக் கிடக்கும். நம் ஊர்க் கூட்டுப் பட்டாவைவிடச் சிக்கலான அமைப்பு. 1865இல் அமைந்த நிலநீதிமன்றம் ஒரு நிலத்துக்குப் பத்துப் பேர் வரை உரிமையாளர்களாகப் பெயர் எழுதிக் கொடுத்தது. குலத்தின் சார்பில் பொறுப்பேற்கிறோம் என்று நினைத்துப் பெயர் கொடுத்தவர்கள், சட்டத்தின் கண்ணில் விற்பதற்கு முழு உரிமை பெற்ற சொந்தக்காரர்கள் ஆனார்கள்; மற்றவர்கள் தங்கள் நிலத்திலேயே ஒன்றுமில்லாதவர்கள் ஆனார்கள். வழக்குக்காக நகரத்தில் வாரக்கணக்கில் தங்கிய செலவு, நில அளவைச் செலவு, வக்கீல் செலவு எல்லாம் கடனாக ஏறி, அந்தக் கடனுக்காகவே நிலம் விற்கப்பட்டது. சுடப்பட்ட குண்டு ஒன்றுகூட இல்லை. என் பார்வையில் மூன்றிலும் ஆழமாக வெட்டியது இதுவே. ஏனென்றால் முதல் இரண்டும் நிலத்தை எடுத்தன, இது கூடி முடிவெடுக்கும் அமைப்பையே உடைத்தது.

இதுவரை வந்ததைத் திரட்டிக்கொள்வோம். மாவோரி மக்கள் இழந்தவை இரண்டு: சொத்து ஒன்று, அந்தச் சொத்தைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் மற்றொன்று. முதல் இழப்புக்கு மருந்து பரிகாரம் என்றும், இரண்டாவதற்கு மருந்து சுயநிர்ணயம் என்றும் தற்காலிகமாக வைத்துக்கொண்டால், மேலே போவது எளிது.

முறையிட ஓர் இடம்

1877இல் ஒரு தலைமை நீதிபதி, வைத்தாங்கி ஒப்பந்தம் சட்டப்படி செல்லாக்காசு என்ற பொருளில் தீர்ப்பு எழுதினார். நெடுங்காலம் அந்தப் பார்வையே நின்றது. 1975இல் 79 வயதான வினா கூப்பர் என்ற மூதாட்டியின் தலைமையில், "இனி ஓர் ஏக்கரும் போகக்கூடாது" என்ற முழக்கத்தோடு, வடகோடியிலிருந்து வெலிங்டன் நாடாளுமன்றம் வரை மக்கள் நடந்தார்கள். அதே ஆண்டு வைத்தாங்கித் தீர்ப்பாயம் சட்டப்படி அமைந்தது. தீர்ப்பாயம் என்ற பெயர் சற்று ஏமாற்றும். ஒப்பந்தம் மீறப்பட்டதா என்று விசாரித்து அறிக்கை தருவதும் பரிந்துரை செய்வதுமே அதன் வேலை; மிகச் சில வகை நிலங்களைத் தவிர, அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. தொடக்கத்தில் 1975க்குப் பிந்திய மீறல்களை மட்டுமே விசாரிக்க முடிந்தது. 1985இல் செய்த திருத்தம் 1840 வரை பின்னோக்கிப் போக வழிதிறந்தது; கதை உண்மையில் தொடங்குவது அங்கேதான்.

மேலே சொன்ன வீட்டுக் கணக்கில் அந்த ஆசிரியர் என்ன ஆனார் என்பதற்கும் இங்கே விடை உண்டு. தனியார் கையிலுள்ள நிலத்தைத் திருப்பித் தரும்படி தீர்ப்பாயம் பரிந்துரைக்கக்கூடாது என்று 1993இல் சட்டம் திருத்தப்பட்டது. எனவே ஈடு அரசின் கையில் எஞ்சியுள்ள நிலத்திலிருந்தும் கருவூலத்திலிருந்தும் மட்டுமே வரும். ஒரு தவற்றை நேராக்க இன்னொரு தவறு செய்யாமலிருக்க இது உதவுகிறது. அதே வேளையில், மிக நல்ல நிலங்கள் எல்லாம் எட்டாத தூரத்துக்குப் போய்விடுகின்றன.

தீர்வுப் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது

தீர்ப்பாய அறிக்கையின் அடிப்படையிலோ நேரடிப் பேச்சிலோ குலமும் அரசும் எட்டும் உடன்பாடு நாடாளுமன்றச் சட்டமாகிறது. வைக்காட்டோ குலங்களின் சட்டம் 1995இல் வந்தது. 17 கோடி நியூசிலாந்து டாலர் மதிப்புள்ள நிலமும் பணமும் அதில் அடங்கும். படையெடுப்பும் பறிமுதலும் அநீதி என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கும் அந்தச் சட்டத்தில், இரண்டாம் எலிசபெத் அரசி வெலிங்டனில் நேரில் ஒப்பமிட்டார். வைக்காட்டோ மக்கள் நெடுங்காலமாக வைத்திருந்த கோரிக்கை, நிலம் போனது போல நிலமாகவே திரும்ப வேண்டும் என்பது. திரும்பி வந்தவற்றில் வைக்காட்டோ பல்கலைக்கழகம் நிற்கும் நிலமும் ஒன்று; பல்கலைக்கழகம் இன்று அந்த நிலத்துக்குக் குலத்திடம் குத்தகை செலுத்துகிறது.

ஙாய் தாஹு குலத்தின் வழக்கு இன்னும் தெளிவான பாடம். அவர்களுடைய முறையீட்டுக்கு 1944இலேயே ஒரு சட்டம் வந்தது: ஆண்டுக்கு 10,000 பவுண்டு, முப்பது ஆண்டுகளுக்கு. மன்னிப்பு இல்லை, நிலம் இல்லை, குல மக்களிடம் முறையான கலந்தாலோசனையும் இல்லை. பணம் வந்தது, முறையீடு அடங்கவில்லை. 1998 சட்டத்திலும் 17 கோடி டாலர் இருக்கிறது. ஆனால் அதோடு அரசின் மன்னிப்பு இருக்கிறது, தங்கள் பகுதியில் அரசு நிலம் விற்பனைக்கு வந்தால் முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது, நாட்டின் மிக உயர்ந்த மலையான ஆவோராக்கியின் பழைய பெயரை அதிகாரப்பூர்வமாக மீட்டதும் இருக்கிறது. மலையைக் குலத்திடம் ஒப்படைப்பது, குலம் அதைத் தன் கையால் நாட்டுக்குப் பரிசாக அளிப்பது என்ற ஏற்பாட்டையும் அந்தச் சட்டம் எழுதிவைத்தது. வெறும் சடங்கு என்று சிலர் சிரிக்கலாம். கொடுப்பதற்கு முதலில் உரியவராக இருக்க வேண்டும். அந்த ஏற்பாடு எழுதிவைத்தது அதைத்தான்.

இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில், 1996இல், இன்னொரு சட்டம் வந்தது என்பது பலர் கவனிக்காத செய்தி. ஙாய் தாஹுவின் 18 ஊர்ச்சபைகள் தேர்ந்தனுப்பும் பிரதிநிதிகளைக் கொண்ட ஒரு குலமன்றத்தை அது சட்ட ஆளாக, அதாவது தன் பெயரிலேயே சொத்து வைத்திருக்கவும் வழக்காடவும் கூடிய அமைப்பாக, ஏற்றது. வீட்டுக் கணக்கில் முப்பது வாரிசுகள் இருந்தார்களே. யார் கையில் கொடுப்பது என்ற அந்தக் கேள்விக்கான விடை இது. பெறுவதற்கும் பேசுவதற்கும் அதிகாரம் படைத்த அமைப்பு முதலில், ஈடு பின்னால். அந்த மன்றம் பணத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்துவிடவில்லை. சுற்றுலா, பண்ணை, மீன்பிடித் தொழில்களில் முதலிட்டது, பின்னர் உறுப்பினர்களுக்குச் சேமிப்புத் திட்டம் ஒன்றையும் தொடங்கியது. அந்த முடிவு சரியா தவறா என்பது அவர்களுக்குள்ளேயே விவாதத்துக்கு உரியது. விவாதிக்கும் இடம் அவர்களுடையதாக இருப்பதுதான் 1944க்கும் 1998க்கும் உள்ள வேறுபாடு.

ஒரே வீட்டில் தனி அடுப்பு

இனி சுயநிர்ணயம். ஒரு மக்கள் கூட்டம் தன் அரசியல் நிலையையும் வாழ்வின் போக்கையும் தானே தீர்மானிக்கும் உரிமை என்பது இதன் பொருள். கூட்டுக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தனிக்குடித்தனம் போவது ஒரு வழி. இது வெளியகச் சுயநிர்ணயம், அதாவது தனிநாடு. அதே வீட்டில் இருந்துகொண்டு, தன் பிள்ளைகளின் படிப்பையும் தன் பங்கு நிலத்தின் வரவுசெலவையும் தன் அடுப்பையும் தானே பார்த்துக்கொள்வது இன்னொரு வழி. இது உள்ளகச் சுயநிர்ணயம்.

தொல்குடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் பிரகடனம், 2007 செப்டம்பர் 13 அன்று, 144 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது. அதன் மூன்றாவது பிரிவு சுயநிர்ணய உரிமையைச் சொல்கிறது. 28ஆவது பிரிவு இழந்த நிலத்துக்கான பரிகாரத்தைச் சொல்கிறது. 46ஆவது பிரிவு, இவற்றில் எதுவும் ஒரு நாட்டைப் பிரிப்பதற்கான அனுமதியாகக் கொள்ளப்படாது என்கிறது. எதிர்த்து வாக்களித்தவை நான்கே நாடுகள்: ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா, நியூசிலாந்து. நான்கும் தொல்குடிகளின் நிலத்தில் குடியேறி உருவானவை என்பதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. நியூசிலாந்து 2010இல் மனம் மாறி ஆதரவு தெரிவித்தது. மற்ற மூன்றும் அந்தக் காலத்தையொட்டியே மாறின.

நடைமுறையில் உள்ளகச் சுயநிர்ணயம் எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு இடங்கள். தூஹோய் குலத்தின் காட்டுநிலமான தே உரெவெரா, 1954 முதல் தேசியப் பூங்காவாக அரசின் கையில் இருந்தது. 2014 சட்டம் அந்த நிலத்தையே சட்ட ஆளாக்கி, அதை அரசுக்கும் இல்லாமல் குலத்துக்கும் இல்லாமல் அந்த நிலத்துக்கே சொந்தமாக்கியது. வாங்கனுயி ஆற்றுக்கு 2017 சட்டம் அதே நிலையைத் தந்தது. ஓர் ஆறு சட்டத்தின் முன் ஆளாவது எப்படி என்று நாம் திகைக்க வேண்டியதில்லை: நம் நாட்டில் கோயில் தெய்வத்தின் பெயரில் நிலம் இருக்கிறது, தெய்வத்தின் சார்பில் வழக்கு நடக்கிறது, அதற்காகப் பேச மனிதர்கள் இருக்கிறார்கள். வாங்கனுயி ஆற்றுக்காகப் பேசுபவர்கள் இருவர்: ஒருவரை அரசும் மற்றவரைக் குலங்களும் நியமிக்கின்றன. தே உரெவெரா வாரியத்தில் தொடக்கத்தில் இருதரப்புக்கும் சம இடம்; இப்போதைய அமைப்பில் ஒன்பது பேரில் ஆறு பேரைக் குலம் நியமிக்கிறது. கொடி மாறவில்லை, எல்லை மாறவில்லை. காட்டைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் யாருக்குப் பெரும்பான்மை என்பது மாறியது.

சுருக்கமாக: ஈடு வந்து, அதைப் பெற அதிகாரம் கொண்ட அமைப்பு இல்லாவிட்டால் 1944இன் கதை திரும்பும், அமைப்பு இருந்து, கையில் நிலமும் வளமும் இல்லாவிட்டால் அது பெயர்ப்பலகையாக நிற்கும்.

முடியாத கணக்குகள்

இதையெல்லாம் படித்துவிட்டு நியூசிலாந்து பிரச்சினையைத் தீர்த்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். கிடைத்த ஈடு, இழந்ததன் மதிப்பில் மிகச் சிறிய பங்கு. குலங்களே இதை அறிந்தே ஒப்பமிட்டன. 1994இல் அரசு, எல்லாக் குலங்களுக்கும் சேர்த்து மொத்தம் 100 கோடி டாலர்தான் என்று தானாகவே ஓர் உச்சவரம்பு அறிவித்தபோது, நாடெங்கும் மாவோரிக் கூட்டங்கள் அதை நிராகரித்தன. குற்றம் செய்த தரப்பே அபராதத்தை எழுதிக்கொள்வது என்ன முறை என்ற கேள்வி நியாயமானது. வரம்பு பின்னர் கைவிடப்பட்டது.

அதைவிட அடிப்படையான ஒன்று: இவை அனைத்தும் நாடாளுமன்றச் சட்டங்கள். ஒரு நாடாளுமன்றம் தந்ததை மற்றொன்று எடுக்கலாம். 2022இல் தொடங்கிய மாவோரிச் சுகாதார ஆணையம், ஆட்சி மாறியதும் 2024இல் கலைக்கப்பட்டது. ஒப்பந்தத்தின் கோட்பாடுகளுக்குப் புதிய பொருள் எழுத முயன்ற மசோதா ஒன்றை எதிர்த்து 2024 நவம்பரில் பல்லாயிரம் பேர் மீண்டும் வெலிங்டனுக்கு நடந்தார்கள். 2025 ஏப்ரலில் 112க்கு 11 என்ற வாக்குகளில் அது தோற்றது.

ஒப்பந்தம் முதலில் கையெழுத்தான வைத்தாங்கி இருப்பது ஙாப்புஹி குலத்தின் மண்ணில். மாவோரிக் குலங்களில் மிகப் பெரியது அது. தங்கள் தலைவர்கள் 1840இல் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை என்ற அவர்களுடைய வாதத்தை, 2014இல் தீர்ப்பாயம் ஏற்று அறிக்கை தந்தது. அந்தக் குலத்துக்கான தீர்வோ இன்னும் எட்டப்படாமல் இழுபடுகிறது. தொகையைப் பற்றிய பேரத்துக்கே இன்னும் போய்ச் சேரவில்லை. குலம் முழுவதற்கும் ஒரே அமைப்பு பேசுவதா, நூற்றுக்கு மேற்பட்ட கிளைக்குலங்கள் தனித்தனியே பேசுவதா என்பதில் பேச்சு நிற்கிறது. ஒரே அமைப்போடு முடித்துவிட அரசுக்கு விருப்பம். எங்கள் சார்பில் யார் பேசுவது என்பதை அரசு முடிவுசெய்யக் கூடாது என்று கிளைக்குலங்கள் சொல்கின்றன.